வலது காலும் நான்கு கியரும்: ருடோல்ப் கரச்சியோலாவின் வாழ்க்கை

பொன் நகரிலிருந்து றைன் நதியின் இடது கரையை ஒட்டித் தெற்கு நோக்கிச் செல்லும் புகையிரதம் சுமார் இருபது நிமிடங்களில் றெமாகன் என்னும் சிறு நகரில் தரிக்கின்றது. வரலாறு படித்தோருக்கு இந்நகர் 1945ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கப் படையினர் கைப்பற்றிய பாலத்தினால் அறிமுகமானது. அப்பாலம் இன்று இல்லை. ஆற்றின் இரு கரைகளிலும் அதன் கறுத்த கோபுரங்கள் மட்டும் நிற்கின்றன. இதே ஊரில், 1901ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் திகதி, ஹொட்டேல் நடத்தி வந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவரே ருடோல்ப் கரச்சியோலா. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஜேர்மனியின் முதற்பெரும் மோட்டார் ஓட்டப் போட்டிச் சாரதியாக விளங்கியவர். மூன்று தடவைகள் ஐரோப்பிய வாகையர். ஜேர்மன் கிராண்ட் பிறீ போட்டியில் ஆறு தடவைகள் வெற்றி பெற்றவர். அவருடைய பெயரே அவரது முன்னோர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

மோட்டார் ஓட்டப் போட்டிக்கும் எமது பத்திரிகைக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். எமது நகரில் வாழும் அன்பர் ஒருவர், வன்னியில் எறிகணைத் துண்டு பாய்ந்து வலது தொடையில் காயமுற்றவர், சாரதி அனுமதிப் பத்திரம் பெற விரும்பிப் பயிற்சி நிலையம் ஒன்றுக்குச் சென்றார். அவர் சற்றுச் சாய்ந்து நடப்பதைக் கண்ட மாத்திரத்தே, அவருக்குக் கியர் மாற்றும் கார் சரிவராது, தானியங்கிக் கார்தான் பொருத்தம் என்று அங்கிருந்தவர் முடிவு கூறிவிட்டார். எந்தக் கால் என்றுகூடக் கேட்கவில்லை. தானியங்கிக் காரில் மட்டும் பரீட்சை எழுதியவர் தானியங்கிக் காரையே ஓட்டலாம் என்பது ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்து வந்த விதி. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், கியர் காரில் குறைந்தது பத்துப் பாடங்கள் பழகிப் பயிற்சி நிலையத்தின் சிறு சோதனை ஒன்றிலும் தேறியவருக்கு அக்கட்டுப்பாடு நீங்கியது. ஆயினும் உடல் நிலை காரணமாக விதிக்கப்படும் கட்டுப்பாடு வேறு. அன்பருக்கு வேலை தருவதாகச் சொன்ன பொதி விநியோக நிலையத்தின் வான்கள் யாவும் கியர் வான்கள். அவர் எம்மிடம் வந்து, இந்த நாட்டில் காற்காயத்தோடு கியர் வண்டி ஓட்டியவர் எவரேனும் உண்டா எனக் கேட்டார். உண்டு என்றோம். மணிக்கு முந்நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியவர் உண்டு என்றோம்.

கரச்சியோலா இளமையிலேயே தந்தையை இழந்தவர். குடும்பத்தார் அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப எண்ணினர். அவருக்கோ இயந்திரங்களின் மீதே பற்று. ஆகன் நகரிலிருந்த பப்னீர் மோட்டார்த் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனியின் மேற்குப் பகுதிகளை வெற்றி பெற்ற நாடுகளின் படைகள் அப்போது ஆக்கிரமித்திருந்தன. ஆகன் பெல்ஜியப் படையினரின் கையில் இருந்தது. 1923இல் ஓர் இரவு விடுதியில் ஏற்பட்ட கைகலப்பில் பெல்ஜியப் படையைச் சேர்ந்த ஒருவரை இளைஞர் கரச்சியோலா தாக்கிவிட்டார். அதன் பின்னர் அந்நகரில் இருக்க இயலுமா? இரவோடிரவாக ஊரை விட்டு நீங்குவது என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர் நாட்டின் மறுகோடியிலிருந்த டிரெஸ்டன் நகரை அடைந்தார். அங்கே வயிற்றுப்பாட்டுக்காக மோட்டார் வாகனங்களை விற்கும் வேலை கிடைத்தது. அவை டைம்லர் நிறுவனத்தின் மேர்சிடிஸ் வாகனங்கள். அந்த ஒரு தற்செயலே அவருடைய எஞ்சிய வாழ்வைத் தீர்மானித்தது.

விற்பனையாளராக இருந்துகொண்டே சிறு போட்டிகளிலும் மலையேற்ற ஓட்டங்களிலும் கலந்துகொண்டு வென்று வந்தார். 1926ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் திகதி பேர்லினின் ஆவுஸ் ஓடுபாதையில் முதலாவது ஜேர்மன் கிராண்ட் பிறீ நடைபெறவிருந்தது. நிறுவனமோ தனது முதன்மைச் சாரதிகளை ஸ்பெயினில் நடந்த வேறொரு போட்டிக்கு அனுப்புவதிலேயே அக்கறை காட்டியது. கரச்சியோலா தலைமையகத்துக்குச் சென்று மன்றாடினார். இறுதியில் அவருக்கும் அடொல்ப் றோசன்பேர்கர் என்ற மற்றொரு இளம் சாரதிக்கும் வண்டிகள் கொடுக்கப்பட்டன. எனினும் நிறுவனத்தின் பெயரில் அன்று; தனிப்பட்ட போட்டியாளர்களாகவே ஓட வேண்டும் என்பது நிபந்தனை.

போட்டி தொடங்கும் கொடி அசைந்தது. ஏனைய வண்டிகள் யாவும் பாய்ந்து சென்றன. கரச்சியோலாவின் இயந்திரம் நின்றுவிட்டது. கியர் கார் பழகிய எவருக்கும் அந்தக் கணத்தின் அவமானம் தெரிந்திருக்கும். சமிக்ஞை விளக்கு பச்சையாகும், முதலாம் கியரில் கிளச்சை விடுவோம், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிடும், பின்னால் நிற்பவர்கள் ஹோர்ண் அடிப்பார்கள். இலட்சக்கணக்கான பார்வையாளர் முன்னிலையில் அது நேர்ந்தால் எப்படியிருக்கும்? அவருடன் வண்டியில் அமர்ந்திருந்த இயந்திரத் தொழிலாளி ஒயிகன் சால்சர் கீழே குதித்து வண்டியைத் தள்ளினார். இயந்திரம் உயிர்பெற, ஓடிவந்து ஏறிக்கொண்டார்.

இதை எழுதுகையில் எமக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் சிறுவர்களாகிய நாம் எத்தனை தடவை தள்ளியிருப்போம்! சில துளி பெற்றோலை விட்டு, இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி சாரதி காத்திருப்பார். வண்டி வேகம் பிடித்ததும் காலை எடுப்பார். அந்த வித்தை கியர் வண்டிக்கு மட்டுமே உரியது. தானியங்கி வண்டியை நாள் முழுதும் தள்ளினாலும் இயந்திரம் பேசாது.

எல்லோருக்கும் பின்னால் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதத்தோடு புறப்பட்ட கரச்சியோலாவுக்கு மழை துணை செய்தது. ஓடுபாதை வழுக்கியது, பலர் விலகினர். முன்னணியில் சென்ற றோசன்பேர்கரின் வண்டி வழுக்கி நேரக் கணிப்பாளர்களின் கூண்டில் மோதியதில் மூவர் உயிரிழந்தனர். மூடுபனியிலும் மழையிலும் தாம் எத்தனையாம் இடத்தில் ஓடுகின்றோம் என்றே அறியாமல் ஓட்டிக்கொண்டிருந்த கரச்சியோலா, முடிவில் இறங்கியபோதுதான் தாம் வென்றுவிட்டதை அறிந்தார். மழையின் மன்னன் என்ற பொருளில் ஜேர்மனியர் அவருக்குப் பட்டம் சூட்டினர். பரிசுப் பணத்தைக் கொண்டு பேர்லினின் கூர்பூர்ஸ்டென்டாம் வீதியில் சொந்தமாக விற்பனை நிலையம் திறந்தார். சார்லொட் என்னும் பெண்ணை மணந்தார்.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவருடைய பெயரோடு இணைந்தவை எஸ், எஸ்எஸ்கே என்னும் வெண்ணிறப் பெரு வண்டிகள். ஏழு லீற்றர் கொள்ளளவு, ஆறு உருளைகள், மிதிபலகையைத் தரையோடு அழுத்தினால் மட்டும் ஓலமிட்டுக்கொண்டு இயங்கும் காற்றமுக்கி, நான்கு முன்னோக்கிய கியர்கள். காற்றமுக்கி இயங்குகையில் எஸ்எஸ்கே வண்டிக்கு 225 குதிரைவலு. பந்தயத்துக்கென இலேசாக்கப்பட்ட எஸ்எஸ்கேஎல் வண்டியில் இது 300ஐ எட்டியது. பாரத்தைக் குறைப்பதற்காக அதன் சட்டகத்தில் வரிசையாகத் துளைகள் இடப்பட்டிருந்தன.

இவ்வளவு வலு உள்ள இயந்திரத்துக்கு நான்கு கியர்தானா என்று எண்ணத் தோன்றும். எதிர்க்காற்றில் றலி சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புரியும். பலவீனமானவன் ஏற்றத்தில் இறங்கி உருட்டுவான். அவனுக்குப் பல கியர் வேண்டும். தொடையில் பலம் உள்ளவன் ஒரே பல்லில் சமாளிப்பான். இயந்திரமும் அப்படியே. தாழ்ந்த சுழற்சியிலும் முறுக்குவிசை நிறைந்த பெரிய இயந்திரத்துக்குச் சில கியர்களே போதும். உயர்ந்த சுழற்சியில் மட்டுமே வலுவைத் தரும் சிறிய இயந்திரத்துக்கு, அது அந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே சுழலும்படி, நெருக்கமான பல கியர்கள் தேவைப்படும். எனவே வலு கூடினால் கியர் கூட வேண்டும் என்பதில்லை. அந்த வலு எந்தச் சுழற்சியில் பிறக்கின்றது என்பதையே பார்க்க வேண்டும். கியர்ப் பெட்டிக்கு வேறொரு சோதனையும் உண்டு. இயந்திரத்தின் முழு முறுக்கும் பற்சில்லுகளின் பற்களில் வந்து விழுகின்றது. பற்கள் மெலிந்தால் முறியும்; தடித்தால் பெட்டி கனக்கும். பெருவலு வண்டிக்குப் பெட்டி தெரிவு செய்பவர் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தெரிவு செய்கின்றார். இன்றும் 1960களின் அமெரிக்கப் பெருவலுக் கார்களைத் தேடி வாங்கித் திருத்தும் ஜேர்மனியர்கள், பழைய நான்கு கியர்ப் பெட்டியையே வைத்திருப்பதா, நெடுஞ்சாலையில் இயந்திரம் ஆறுதலாகச் சுழல ஐந்தாம் கியர் உள்ள புதிய பெட்டியைப் பூட்டுவதா எனத் தம்முள் விவாதிப்பதுண்டு. கேள்வி பழையது.

அக்காலத்துப் பெட்டிகளில் இன்றுள்ளதுபோல் வேகங்களைத் தாமே இணக்கும் வசதி இருக்கவில்லை. கீழ்க் கியருக்கு இறங்க வேண்டுமாயின் கிளச்சை மிதித்து, கியரை நடுவில் விட்டு, கிளச்சை விடுத்து, எரிபொருள் மிதியை ஒரு தட்டுத் தட்டி இயந்திரத்தை வேகப்படுத்தி, மீண்டும் கிளச்சை மிதித்துக் கியரைப் போட வேண்டும். இதனைச் செய்யும் அதே வேளையில் பிறேக்கும் பிடிக்க வேண்டும். இடது கால் இரண்டு தடவை இயங்கும். வலது காலோ ஒரே சமயத்தில் இரண்டு மிதிகளை ஆள வேண்டும்.

இத்தகைய வண்டியில் கரச்சியோலா 1929இல் நடந்த முதலாவது மொனாக்கோ கிராண்ட் பிறீயில், ஒடுங்கிய தெருக்களில் சின்னஞ்சிறு புகாட்டி வண்டிகளோடு மோதி மூன்றாம் இடம் பெற்றார். 1931இல் இத்தாலியின் மில்லே மில்யா போட்டியில், பிறெஸ்சியாவில் புறப்பட்டு உரோமாபுரி சென்று திரும்பும் 1,600 கிலோமீற்றருக்கு மேற்பட்ட பொதுச் சாலைகளை, மணிக்கு 101 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் கடந்து முதலிடம் பெற்றார். அப்போட்டியில் வென்ற முதலாவது அந்நிய நாட்டவர் அவரே. சுமார் பதினாறு மணி நேரம் சுக்கானைப் பிடித்தவரும் அவரே. துணையாக இருந்த வில்ஹெல்ம் செபஸ்ரியான் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டார்.

உலகப் பொருளாதார வீழ்ச்சி மேர்சிடிஸ் நிறுவனத்தையும் விடவில்லை. பந்தயங்களிலிருந்து அது விலகிக்கொள்ள, கரச்சியோலா 1932இல் இத்தாலியின் அல்பா றோமியோவுக்காக ஓட்டினார். மறு ஆண்டு அந்நிறுவனமும் விலகியது. எனவே தமது நண்பரான மொனாக்கோ நாட்டுச் சாரதி லூயி சிறோனுடன் சேர்ந்து சொந்தக் குழு ஒன்றை அமைத்தார். 1933 ஏப்ரலில் மொனாக்கோவில் பயிற்சி ஓட்டம். துறைமுகத்தை ஒட்டிய புகையிலைக்கடை வளைவை நெருங்குகையில் முன் பிறேக் கைவிட்டது. இடப்புறம் கடல், வலப்புறம் கல்மதில், முன்னே படிக்கட்டு. கணப்பொழுதில் மதிலைத் தெரிந்துகொண்டார். வண்டி அதிகம் சேதமுறவில்லை. அவர் தாமே இறங்கி நிற்க முயன்றார். வலது கால் தாங்கவில்லை. தொடை எலும்பு நொறுங்கியிருந்தது.

மருத்துவர்கள் அவர் மீண்டும் ஓட்டுவது ஐயம் என்றே கருதினர். மாதக்கணக்கில் கட்டோடு கிடந்தார். எழுந்தபோது வலது கால் இடது காலிலும் பார்க்கச் சுமார் ஐந்து சென்ரிமீற்றர் குறுகியிருந்தது. சுவிற்சர்லாந்தின் மலைகளில் மனைவி சார்லொட் அவரைப் பராமரித்தார். 1934 பெப்ரவரியில் ஒரு நாள், கணவரின் வற்புறுத்தலின் பேரில் நண்பர்களுடன் பனிச்சறுக்கச் சென்ற சார்லொட், பனிச்சரிவில் அகப்பட்டு உயிரிழந்தார். அதன் பின்பு சிறிது காலம் கரச்சியோலா எவரையும் காண மறுத்து இருளில் கிடந்தார். நண்பர் சிறோனும், அலிஸ் என்ற பெண்ணும் அவரை மெல்ல மெல்ல வெளியே அழைத்து வந்தனர். அலிஸ் 1937இல் அவருடைய இரண்டாவது மனைவியானார்.

மேர்சிடிஸ் நிறுவனம் அதே 1934இல் பந்தயத்துக்குத் திரும்பியது. அணி முகாமையாளர் அல்பிரெட் நொய்பௌவர் கரச்சியோலாவைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்க ஆயத்தமாக இல்லை. சோதனையில் வேகம் குறையவில்லை. வலி மட்டும் இருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் மொன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிறீ அதனை வெளிப்படுத்தியது. வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதற்காக ஓடுபாதை எங்கும் செயற்கை வளைவுகள் வைக்கப்பட்டிருந்தன. பிறேக், கீழ்க் கியர், மேற் கியர், மறுபடியும் பிறேக் என நான்கரை மணி நேரத்துக்கும் மேலாக நீண்ட போட்டி அது. பாதித் தூரம் கடந்த நிலையில், முன்னணி வரிசையில் ஓடிக்கொண்டிருந்த கரச்சியோலா வலி தாங்காமல் வண்டியை நிறுத்தினார். அவரை வண்டியிலிருந்து தூக்கி இறக்க வேண்டியிருந்தது. அணித்தோழர் லூயிஜி பாஜியோலி ஏறி ஓட்டி வென்றார். வெற்றி இருவர் பெயரிலும் பதிவானது.

அவருக்குத் தானியங்கிப் பெட்டி இருந்திருந்தால் வலி நீங்கியிருக்குமா? இவ்விடத்தில் எமது அன்பரின் பயிற்சி நிலையத்தார் செய்த தவறை வாசகர்கள் கவனிக்க வேண்டுகின்றோம். தானியங்கிப் பெட்டி கிளச்சை நீக்குகின்றது. கிளச்சை மிதிப்பது இடது கால். பிறேக்கும் எரிபொருளும் இரு வகை வண்டிகளிலும் வலது காலுக்கே உரியன. வலது கால் பழுதுற்றவருக்குத் தானியங்கிப் பெட்டியால் ஆகும் நன்மை சொற்பமே. அவருக்கு உதவக்கூடியது எரிபொருள் மிதியை இடது பக்கத்துக்கு மாற்றும் ஏற்பாடோ, கையால் இயக்கும் ஏற்பாடோதான். காலைப் பாராமல் நடையைப் பார்த்து மருந்து சொல்லும் மனிதர்கள் எல்லா நாட்டிலும் உள்ளனர்.

தவிரவும் கரச்சியோலாவின் நாளில் முழுத் தானியங்கிப் பெட்டி சந்தையிலேயே இல்லை. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் அத்தகைய பெட்டியைப் பெருந்தொகையாக விற்கத் தொடங்கியது 1939இன் இறுதியிலேயே. முன்கூட்டிக் கியரைத் தெரிந்துவிட்டு, வேண்டிய வேளையில் மிதியை அழுத்தி மாற்றும் வில்சன் பெட்டிகளை இங்கிலாந்தின் ஈஆர்ஏ பந்தய வண்டிகள் கையாண்டன. ஜேர்மனியின் மைபாக் ஆடம்பரக் கார்களிலும் கியர் மாற்றத்தை இலகுவாக்கும் ஏற்பாடுகள் இருந்தன. மேர்சிடிஸ் பொறியியலாளர்களோ பந்தய வண்டிகளில் கையால் மாற்றும் பெட்டியையே தெரிந்து, அதனைப் பின் அச்சோடு இணைத்து வைத்தனர். பாரம் பின்சக்கரங்களின் மேல் விழ, சக்கரம் நிலத்தைச் சற்று உறுதியாகப் பற்றும் என்பது அதன் பயன்.

1934 முதல் 1937 வரை இருந்த விதி வண்டியின் பாரத்தை 750 கிலோவாக மட்டுப்படுத்தியதேயன்றி இயந்திரத்தின் அளவை மட்டுப்படுத்தவில்லை. ஆகவே இயந்திரங்கள் ஆண்டுக்காண்டு வளர்ந்தன. பொறியியலாளர் ருடோல்ப் ஊலன்ஹவுட்டின் பொறுப்பில் உருவான 1937ஆம் ஆண்டின் டபிள்யூ 125 வண்டியில் 5.6 லீற்றர் கொண்ட எட்டு உருளை இயந்திரம் 590 குதிரைவலு வரை தந்தது. மிக மெல்லிய டயர்கள் அந்த வலுவைத் தாங்க மாட்டாமல் மேற் கியரிலும் வழுக்கிச் சுழலும். அதற்கும் நான்கு கியர்கள்தாம். பற்சில்லுகள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல, கொக்கிகள் மட்டும் மாறி மாறிப் பிடிக்கும் வகை. 1938இல் விதி மாறியது. காற்றமுக்கி உள்ள இயந்திரம் மூன்று லீற்றரைத் தாண்டக்கூடாது என்றாகியது. புதிய டபிள்யூ 154 வண்டியின் பன்னிரண்டு உருளை இயந்திரம் மிக உயர்ந்த சுழற்சியில்தான் தன் வலுவைக் காட்டியது. உடனே கியர்கள் ஐந்தாயின. மேலே நாம் சைக்கிளை வைத்துச் சொன்ன கணக்கு இதுவே.

குறுகிய வலது காலோடு கரச்சியோலா 1935, 1937, 1938 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஐரோப்பிய வாகையர் ஆனார். 1936இல், தமது காலை முறித்த அதே மொனாக்கோவில், கொட்டும் மழையில் வென்றார். நூர்பேர்க்றிங் ஓடுபாதையில் கிண்ணம்போற் சரிந்த வளைவொன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. 1938 ஜனவரி 28ஆம் திகதி காலை, பிராங்போர்ட்டுக்கும் டாம்ஸ்டாட்டுக்கும் இடைப்பட்ட ஓட்டோபான் நெடுஞ்சாலையில் மணிக்கு 432.7 கிலோமீற்றர் வேகத்தை எட்டினார். பொதுச் சாலை ஒன்றில் நிலைநாட்டப்பட்ட அந்த வேகம் 2017ஆம் ஆண்டு வரை முறியடிக்கப்படவில்லை. அதே நாள் நண்பகலை அண்டி, போட்டி நிறுவனமான ஓட்டோ யூனியனின் சாரதி பேர்ண்ட் றோசமையர் அதனை முறியடிக்கப் புறப்பட்டார். காற்று எழுந்திருந்தது. வண்டி சாலையை விட்டு வீசப்பட்டு அவர் மாண்டார். நிறுவனங்களின் போட்டியும், அரசின் புகழ்வேட்கையும் கூடியே அச்சாலைக்கு அவர்களை அனுப்பின என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கேதான் இவ்வாழ்க்கையின் கசப்பான பக்கத்தைத் தொட வேண்டியுள்ளது. அந்த வெள்ளி வண்டிகளுக்கு ஹிட்லரின் அரசு நிதியுதவி வழங்கியது. ஏனைய ஜேர்மன் சாரதிகளைப் போலவே கரச்சியோலாவும் நாத்சி வாகனப் படையணியின் அங்கத்தவராக இருந்தார். வெற்றி மேடையில் அவருக்குப் பின்னால் பறந்தது சுவஸ்திகாக் கொடி. அவர் குடியிருந்ததோ சுவிற்சர்லாந்தின் லுகானோவில். தாம் வெறும் விளையாட்டு வீரர் என்றே அவர் கருதியிருக்கலாம். 1926இல் அவரோடு ஒரே அணியில் புறப்பட்ட றோசன்பேர்கருக்கு அப்படிக் கருதும் சலுகை கிடைக்கவில்லை. றோசன்பேர்கர் யூதர். போர்ஷே நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான அவர் 1935இல் கைது செய்யப்பட்டுக் கிஸ்லாவு தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையாகிப் பிரான்சுக்கும், பின் அமெரிக்காவுக்கும் சென்று, பெயரையே மாற்றிக்கொண்டு வாழ்ந்து 1967இல் இறந்தார். ஒரே மழையில் ஓடிய இருவர். ஒருவரை நாடு தோளில் தூக்கியது, மற்றவரைத் துரத்தியது. கரச்சியோலாவின் திறமையை வியக்கும் நாம் அவருடைய மௌனத்தையும் கணக்கில் எழுதாமல் விட முடியாது.

1938 ஏப்ரலில் பிரான்சின் போ நகரில் நடந்த போட்டியும் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. புதிய டபிள்யூ 154ஐ வென்றவர் றெனே டிறைபுஸ் என்னும் பிரெஞ்சுச் சாரதி, யூத வமிசத்தவர். அவருடைய டெலாஹாய் வண்டிக்கு மேர்சிடிஸின் வலுவில் ஏறக்குறைய பாதியே இருந்தது. ஆனால் ஒடுங்கிய தெருக்களில் அந்த வலுவைப் பயன்படுத்த இடமில்லை, மேர்சிடிஸ் எரிபொருள் நிரப்ப நிற்க வேண்டியிருந்தது, டெலாஹாய் நிற்கவேயில்லை. கால்வலியோடு இருந்த கரச்சியோலா வண்டியை அணித்தோழர் ஹேர்மன் லாங்கிடம் கொடுத்தும் பயன் கிட்டவில்லை. டிறைபுஸும் பின்னர் அகதியாக அமெரிக்காவில் தங்க நேர்ந்து, நியூயோர்க்கில் உணவகம் நடத்தினார்.

போர்க் காலத்தைக் கரச்சியோலா லுகானோவில் கழித்தார். 1946இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் போட்டிக்குச் சென்றார். பயிற்சி ஓட்டத்தில் ஏதோவொன்று முகத்தில் வந்து தாக்க, நினைவிழந்து மதிலில் மோதிப் பல நாட்கள் மயக்கத்தில் கிடந்தார். அங்கே கட்டாயமாக்கப்பட்டிருந்த கடினத் தலைக்கவசமே உயிரைக் காத்தது. ஆறு ஆண்டுகளின் பின், 51 வயதில், மேர்சிடிஸ் அவரை மீண்டும் அழைத்தது. 1952 மில்லே மில்யாவில் 300 எஸ்எல் வண்டியில் நான்காம் இடம் பெற்றார். அதே மே மாதம் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் வண்டி மரமொன்றில் மோதியது. இம்முறை முறிந்தது இடது கால். கிளச்சை மிதிக்கும் கால். அதன் பின்னர் அவர் பந்தயத்தில் ஓடவில்லை.

1959 செப்டெம்பர் 28ஆம் திகதி காசல் நகரில், ஈரல் நோயினால், 58ஆவது வயதில் காலமானார். உடல் லுகானோவில் அடக்கம் செய்யப்பட்டது.

எமது அன்பர் பின்னர் மருத்துவச் சான்றிதழுடன் வேறொரு பயிற்சி நிலையத்துக்குச் சென்றார். முதலில் அவரிடம் கேட்கப்பட்டது எந்தக் கால் என்பதுதான். வலது காலின் பலம் பிறேக்குக்குப் போதுமா என்று அளந்து பார்த்தனர். போதும் என்று கண்டனர். கியர் வண்டியில் பரீட்சைக்குத் தோற்றினார். முதல் தடவை, ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை தேறினார். இப்போது நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு வான் எடுக்கின்றார். குளிர் கூடிய நாட்களில் தொடை வலிப்பதாகச் சொல்கின்றார்.